பிஸ்மியும் ஃபாத்திஹாவும்: சூஃபிகள் சொல்லும் உட்பொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வியாழன் இரவு திக்ரு மஜ்லிஸ்களில் (இறைநினைவுக் கூட்டங்களில்) உட்காருபவர்களும், பிள்ளைகளை ஓதப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களும், தர்காவில் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் "இதுக்கு உள்ளர்த்தம் என்னங்க ஹஜ்ரத்?" என்று கேட்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எங்கள் பிடிப்பு ஒன்றுதான்: உட்பொருள் எழுத்தைப் பிடித்துத்தான் நிற்கிறது. எழுத்தைச் சரியாக ஓதாதவருக்கு எழுத்தின் ரகசியத்தைச் சொல்லிப் பயனில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் ஞானமும் உச்சரிப்பும் கலந்தே வரும்.

தொடக்க வாசகங்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

மூன்றை. 'அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்', அடுத்து 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்', அதன்பின் குர்ஆனின் முதல் அத்தியாயமான, 7 வசனங்கள் கொண்ட ஃபாத்திஹா. முதல் வாசகத்தைச் சுருக்கமாக 'அஊது' என்றும், 'ரஹ்மானும் ரஹீமுமான அல்லாஹ்வின் பெயரால்' என்று பொருள்படும் இரண்டாவதை 'பிஸ்மி' என்றும் சொல்கிறோம். குர்ஆனில் 114 அத்தியாயங்கள். 113 அத்தியாயங்களின் தலையில் பிஸ்மி இருக்கிறது.

அஊது ஏன் பிஸ்மிக்கு முன்னால் வருகிறது?

குர்ஆன் ஓதும்போது ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும்படி 16ஆம் அத்தியாயத்தின் 98ஆம் வசனம் சொல்கிறது. வெளிப்படையான காரணம் அது. சூஃபிகள் இதில் 'தக்லியா', 'தஹ்லியா' என்ற இரண்டு படிகளைப் பார்க்கிறார்கள். முதலாவது வெறுமையாக்குதல், இரண்டாவது அழகுபடுத்துதல். பால் பாத்திரத்தைக் கழுவாமல் புதுப்பால் ஊற்றினால் பால் திரிந்துவிடும் இல்லையா, அதுதான். அஊது கழுவுகிறது, பிஸ்மி நிரப்புகிறது.

இதில் ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது. சாப்பாட்டுக்கும், கடை திறக்கவும், வண்டி எடுக்கவும் அஊது சேர்த்துச் சொல்கிறார்கள். அஊது ஓதலுக்கு உரியது. மற்ற காரியங்களுக்குப் பிஸ்மி போதும்.

'பிஸ்மி' என்பதில் 'பி' என்ற ஓரெழுத்துக்கு அவ்வளவு பொருளா?

ஆம், தமிழ் தெரிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும். அரபு இலக்கணத்தார் இந்த 'பா' எழுத்துக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள்: ஒன்று உதவி தேடுதல், மற்றொன்று கூட இருத்தல். நம் மூன்றாம் வேற்றுமையும் அப்படித்தான். 'ஆல்' கருவியைக் காட்டும், 'ஓடு' உடனிருப்பதைக் காட்டும். இரண்டும் ஒரே வேற்றுமை. 'பெயரால்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதிதான் வருகிறது. 'பெயரோடு' என்பதும் அதற்குள் இருக்கிறது. சூஃபிகள் இரண்டாவதில்தான் அதிகம் தங்குவார்கள். பெயரைக் கருவியாக வைத்துக்கொண்டு காரியம் செய்வது ஒரு நிலை, பெயருக்குரியவனின் முன்னிலையில் அதே காரியத்தைச் செய்வது வேறு நிலை.

இன்னொன்று: இந்த வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. 'அல்லாஹ்வின் பெயரால்...' என்று சொல்லி நிற்கிறது. எந்தக் காரியத்தைத் தொடங்குகிறீர்களோ அதுவே வினை. ஓதுகிறேன், உண்கிறேன், பூட்டைத் திறக்கிறேன். மறைந்திருக்கும் அந்த வினையைப் பெயருக்குப் பின்னால் வைத்துப் புரிந்துகொள்வதே சிறப்பு என்று விரிவுரையாளர் பலர் சொல்கிறார்கள். அப்போதுதான் பெயர் முந்தும். தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வருவதால் நமக்கு இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

பிஸ்மியில் ஓர் 'அலிஃப்' மறைந்திருக்கிறது என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

அலிஃப் அரபியின் முதல் எழுத்து. கண்ணால்தான் பார்க்க முடியும், காதால் முடியாது. முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) திறந்து 96ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்தை எடுங்கள்: 'இக்ரஃ பிஸ்மி ரப்பிக'. அங்கே பா, அதன் பக்கத்தில் செங்குத்தான ஓர் அலிஃப், பிறகு ஸீன், மீம். இப்போது அதே பக்கத்தின் தலையில் உள்ள பிஸ்மியைப் பாருங்கள். பா எழுத்திலிருந்து நேரே ஸீனுக்குப் போகிறது, நடுவில் அலிஃப் இல்லை. பல அச்சுகளில் பா-வின் தண்டு மட்டும் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். 56:74, 69:52 (முதல் எண் அத்தியாயம், அடுத்தது வசனம்) இரண்டிலும் அலிஃப் உண்டு. 11:41, 27:30 இரண்டிலும் பிஸ்மியைப் போலவே அலிஃப் இல்லை.

ஓசையில் இரண்டும் ஒன்றே. அந்த அலிஃப் சேர்த்து ஓதும்போது ஒலிக்காத வகை. அதனால் காதால் கேட்டு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இலக்கணத்தார் சொல்லும் காரணம் எளிமையானது: அதிகம் புழங்கும் சொல், அதனால் எழுத்து சுருங்கியது. சூஃபிகள் அந்தக் காரணத்தை மறுக்கவில்லை, அதன்மேல் ஒரு குறிப்பை வைக்கிறார்கள். அலிஃப் எந்தப் பக்கமும் சாயாத ஒற்றைக் கோடு, தனக்குப் பின்வரும் எழுத்தோடு ஒட்டாதது. அதனால் அது ஏகனைக் குறிக்கிறது. பா படுத்திருக்கும் எழுத்து, அடியானைக் குறிக்கிறது. அலிஃப் மறைந்தது, ஆனால் பா அதன் உயரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தது. அடியான் தன் பலத்தில் நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவனை நிறுத்தியிருக்கிறது என்பது இதன் குறிப்பு. எழுத்து முறையே தெரியாதவருக்கு இந்த விளக்கம் வெறும் அழகான பேச்சு. இந்த இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு அது பாடம்.

"எல்லா வேதமும் குர்ஆனில், குர்ஆன் ஃபாத்திஹாவில், ஃபாத்திஹா பிஸ்மியில், பிஸ்மி பா-வில், பா அதன் புள்ளியில்" என்பது ஹதீஸா (நபிமொழியா)?

ஹதீஸ் என்று சொல்லாதீர்கள். சூஃபி நூல்களில் இது பரவலாக வருகிறது. பிஸ்மிக்கென்றே தனி விரிவுரை எழுதிய சூஃபி அப்துல் கரீம் ஜீலியும் இதை அடித்தளமாக எடுத்துக்கொள்கிறார். "பா-வின் கீழுள்ள புள்ளி நான்" என்ற வாக்கை அலி (ரலி) அவர்களுக்கும், ஷிப்லி (ரஹ்) அவர்களுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். ஹதீஸ் கலையின் அளவுகோலில் இவை நபிமொழியாக நிற்கவில்லை. சூஃபிகளின் கூற்று என்று சொன்னால் யாருக்கும் மறுப்பு இருக்காது. மேடையில் 'நபிகள் (ஸல்) சொன்னார்கள்' என்று ஆரம்பித்தால் அங்கேயே தவறு.

ஆரம்பகால முஸ்ஹஃபுகளில் எழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஆகவே புள்ளியின் உட்பொருள், புள்ளியிட்டு எழுதும் பழக்கம் வேரூன்றிய பிறகு முழுமையடைந்த சிந்தனை. அது அதன் மதிப்பைக் குறைப்பதாக நாங்கள் நினைக்கவில்லை.

சிந்தனை என்னவென்றால்: புள்ளி இல்லாமல் ஒரு சின்னப் பல்லை மட்டும் எழுதினால் அது பா-வாக இருக்கலாம், தா-வாக, ஸா-வாக, நூனாக, யா-வாகவும் இருக்கலாம். ஐந்து வாய்ப்புகள். கீழே ஒரு புள்ளி விழுந்ததும்தான் அது பா. இரண்டாவது, நாணல் பேனாவைக் காகிதத்தில் வைத்ததும் முதலில் பிறப்பது புள்ளி. அது நகர்ந்தால் கோடு, கோடு நின்றால் அலிஃப், படுத்தால் பா. எல்லா எழுத்தும் ஒரே புள்ளியின் பயணம். 'வஹ்தத்' என்ற ஒருமைக் கருத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்வதைவிட ஒரு பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்து இதைச் செய்து காட்டினால் உடனே விளங்கும்.

பா, ஸீன், மீம் மூன்றுக்கும் தனித்தனிப் பொருள் சொல்கிறார்களே?

சூஃபி விரிவுரையாளர்களிடம் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. ஸஹ்ல் துஸ்தரி (மறைவு 896) சொல்வது: பா அல்லாஹ்வின் 'பஹா', அதாவது பேரொளி. ஸீன் அவனுடைய 'ஸனா', உயர்வு. மீம் அவனுடைய 'மஜ்த்', மகிமை. மூன்றும் இறைவன் பக்கத்துச் சொற்கள்.

குஷைரி (மறைவு 1072) ஃபாத்திஹாவின் பிஸ்மிக்கு வேறு விதமாகச் சொல்கிறார்: பா நேசர்களிடம் அவன் காட்டும் 'பிர்ரு' என்ற நன்மை, ஸீன் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு அவனுக்குள்ள 'ஸிர்ரு' என்ற ரகசியம், மீம் தன் நெருக்கத்துக்குரியவர்கள் மேல் அவன் செய்யும் 'மின்னத்' என்ற உபகாரம். இங்கே மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் நடுவிலுள்ள உறவு.

குஷைரியிடம் எங்களை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையில் வரும் பிஸ்மிக்கும் அவர் புதிதாக விளக்கம் எழுதினார். குர்ஆனில் வெறும் திரும்பச் சொல்லல் கிடையாது என்பது அவர் கொள்கை. அந்தந்த அத்தியாயத்தின் மணம் அதன் பிஸ்மியில் முன்கூட்டியே வீசுகிறது என்று அவர் படித்தார். யாசீன் அத்தியாயம் ஓத உட்காரும்போது சொல்லும் பிஸ்மியும் முல்க் அத்தியாயம் ஓதும்போது சொல்லும் பிஸ்மியும் அவரைப் பொறுத்தவரை இரண்டு பிஸ்மிகள்.

இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'பா என்றால் இது' என்று அகராதி போலச் சொல்வது இந்த மரபின் போக்குக்கே எதிரானது. இவை 'இஷாரா', சுட்டிக்காட்டல்.

இது சித்தர்களின் அஞ்செழுத்து மாதிரியா?

வடசென்னையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. குணங்குடி மஸ்தான் சாகிபு (மறைவு 1838) அடங்கியிருப்பது இங்கேதான். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிராகப் பிறந்த அவர், சித்தர் பாடலின் நடையிலேயே சூஃபி ஞானத்தைப் பாடினார். தொண்டியார் இருந்த பேட்டை என்பதால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று சொல்லும் வழக்கும் உண்டு.

ஒற்றுமை: இரண்டு மரபிலும் எழுத்து ஒரு மெய்ம்மைக்கு நிற்கிறது. வேறுபாடு: அஞ்செழுத்தில் எழுத்தின் வரிசை மாறும், நமசிவய தூலம், சிவயநம சூக்குமம் என்பார்கள். பிஸ்மியில் வரிசை மாறாது. அது முதலில் பொருளுள்ள ஒரு சொற்றொடர், எழுத்துக் குறிப்பு அதன் பிறகு. தாயத்து எழுதுபவர்கள் எழுத்துகளைப் பிரித்துக் கட்டங்களில் போடுவது வேறு கலை. தஃப்ஸீரோடு, அதாவது குர்ஆன் விரிவுரையோடு, அதைக் குழப்ப வேண்டாம்.

ரஹ்மான், ரஹீம் இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு முறை?

வேர் ஒன்று, விரிவு வேறு. ரஹ்மான் என்பது நம்பினவர், நம்பாதவர், மரம், மீன் எல்லார்க்கும் எல்லாவற்றுக்கும் பாயும் அருள். ரஹீம் என்பது தேடி வருபவருக்குக் குறிப்பாகக் கிடைக்கும் அருள். "என் அருள் எல்லாப் பொருளையும் சூழ்ந்திருக்கிறது" என்று 7:156 சொல்கிறது. அதே வசனம் அடுத்த வரியில் அதை இறையச்சம் உடையோருக்கு எழுதுவேன் என்கிறது. சூஃபி ஞானி இப்னு அரபி (1165–1240) இந்த இரண்டையும் பிரித்து, ஒன்று எந்தத் தகுதியும் கேட்காமல் கொடுப்பது, மற்றொன்று தன்மேல் தானே கடமையாக்கிக்கொண்டு கொடுப்பது என்றார்.

தாயின் கருப்பைக்கு அரபியில் 'ரஹிம்'. நான் ரஹ்மான், கருப்பையைப் படைத்து என் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தேன் என்ற கருத்துள்ள ஹதீஸ் குத்ஸி (இறைவன் சொன்னதாக நபி (ஸல்) அறிவித்த வாக்கு) உண்டு. கருப்பையிலிருக்கும் குழந்தை கேட்காமலே உணவு பெறுகிறது, அது ரஹ்மான். பிறந்தபின் அழுது கேட்டுப் பெறுகிறது, அது ரஹீம். இப்படிச் சொன்னால் தாய்மார்களுக்குப் பாடமே தேவையில்லை. ஆனால் தமிழில் 'கருணை', 'கருப்பை' இரண்டின் ஓசை ஒற்றுமையை இதற்கு ஆதாரமாகக் காட்ட வேண்டாம். கருணை வடமொழிச் சொல், அந்த ஒற்றுமை தற்செயல்.

ஃபாத்திஹாவை உரையாடலாக ஓதுவது எப்படி?

அடிப்படை, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும், 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள ஹதீஸ் குத்ஸி: "தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரண்டு பாதியாகப் பிரித்தேன்." அடியான் 'அல்ஹம்து' என்றதும் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்று பதில் வருகிறது. 'அர்ரஹ்மானிர் ரஹீம்' என்றதும் "என்னைத் துதித்தான்". 'மாலிகி யவ்மித்தீன்' என்றதும் "என்னை மகிமைப்படுத்தினான்". 'இய்யாக நஃபுது' வரும்போது "இது எனக்கும் என் அடியானுக்கும் இடையே". மீதி "என் அடியானுக்கு, அவன் கேட்டது அவனுக்கு".

செய்முறை இதுதான். ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்துங்கள். நபி (ஸல்) வசனம் வசனமாக நிறுத்தி ஓதியதாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நிறுத்திய இடத்தில் ஒரு மூச்சு எடுக்கும் நேரத்துக்குள் அந்தப் பதிலை மனதால் கேளுங்கள். வாயால் சொல்லக் கூடாது. அடுத்த வசனத்துக்குப் போங்கள். பிஸ்மியோடு சேர்த்து முழு ஃபாத்திஹாவுக்கு நிதானமான ஓதலில் 30 முதல் 40 விநாடி ஆகும்.

நான்காவது இடத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அதுவரை 'அவன்' என்று படர்க்கையில் போன பேச்சு 'இய்யாக' என்றதும் 'உன்னை' என்று முன்னிலைக்கு மாறுகிறது. மறைவிலிருந்து முன்னிலைக்கு வந்துவிட்டீர்கள் என்று சூஃபிகள் இந்த இடத்தில் சொல்வார்கள். வினைக்கு முன்னால் 'உன்னை' வந்ததால் 'வேறு யாரையும் அல்ல' என்பதும் அதில் அடங்கும். நம் பிரிநிலை ஏகாரம் அதே வேலையைச் செய்கிறது: 'உன்னையே வணங்குகிறோம்'. 'வணங்குகிறேன்' இல்லை, 'வணங்குகிறோம்'. தனியாகத் தொழுதாலும் பன்மைதான். என் வணக்கம் மட்டும் தனியாகப் போய் நிற்கத் தகுதியற்றது, எல்லாரோடும் சேர்த்து அனுப்புகிறேன் என்பது அதன் பணிவு.

என்ன தப்பு நடக்கும்? சிந்தனையில் மூழ்கி நடுவில் நீண்ட நேரம் மௌனமாகிவிடுவது. ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட மரபின்) படி ஃபாத்திஹாவின் வசனங்கள் தொடர்ச்சியாக வர வேண்டும். காரணமில்லாமல் நீண்ட மௌனம் வந்தால் தொடர்ச்சி அறுந்து, முதலிலிருந்து ஓத வேண்டிவரும். அதனால்தான் ஒரு மூச்சு அளவு என்கிறோம். நீண்ட தியானம் வேண்டுமானால் தொழுகைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசுபவர்களின் நாக்கு எங்கே பிசகுகிறது?

ஃபாத்திஹாவில் பிஸ்மியையும் சேர்த்து 14 இடங்களில் ஷத்து, அதாவது எழுத்தின் இரட்டிப்பு, வருகிறது: பிஸ்மியில் 3, மற்றவற்றில் 11. தமிழில் 'புளி', 'புள்ளி' வேறுபாடு எப்படியோ அப்படியே இதுவும். ஆனால் வேகமாக ஓதும்போது முதலில் போவது இந்த இரட்டிப்புத்தான்.

'இய்யாக' என்பதில் ஷத்து போய் 'இயாக' ஆனால் அது வேறு சொல். சூரிய ஒளியைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்று விரிவுரையாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். 'உன்னையே' என்று ஏகத்துவம் பேசும் இடத்திலேயே இந்தப் பள்ளம். 'அல்ஹம்து' என்பதில் வரும் ஹா தொண்டையின் நடுவிலிருந்து, மூச்சு உரசி வர வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் லேசான ஹா-வைப் போட்டால் புகழ்ச்சியைக் குறிக்கும் வேர் போய், அணைந்துபோவதைக் குறிக்கும் வேர் வந்துவிடும். 'அன்அம்த' என்றால் 'நீ அருள்புரிந்தாய்', 'அன்அம்து' என்றால் 'நான் அருள்புரிந்தேன்'. கடைசி உயிரொலி ஒன்றுதான், பொருள் தலைகீழ். இது தொழுகையையே பாதிக்கும்.

'முஸ்தகீம்' என்பதன் காஃப் அடிநாக்கிலிருந்து. 'அல்லதீன' என்பதன் தால், நாக்கு நுனி மேல்பல்லின் விளிம்பைத் தொட்டு. அதை 'ஜ' ஆக்குவது உருது பேசும் வீடுகளில் அதிகம். 'வலள்ளால்லீன்' என்பதன் ளாத் நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களில் படும்போது பிறப்பது, அதைத் தமிழ் ளகரமாகவே விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். எழுத்தில் ள, ழ என்று எதை எழுதினாலும் அது அடையாளம்தான், ஒலி அல்ல. ஓர் உஸ்தாதின் வாயைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

மறுபக்கத்துத் தப்பும் உண்டு. 'பிஸ்மி... பிஸ்மி... பிஸ்மில்லா...' என்று ஒரே சொல்லைச் சந்தேகத்தால் பலமுறை சொல்வது. இது வஸ்வாஸ், மனத்தில் எழும் வீண் ஊசலாட்டம். ஒருமுறை கவனமாகச் சொன்ன பிறகு வரும் சந்தேகத்தைப் பொருட்படுத்தக் கூடாது.

ஒரு பள்ளியில் பிஸ்மியைச் சத்தமாக ஓதுகிறார்கள், அடுத்த தெருவில் ஓதுவதில்லையே?

இரண்டு இடத்திலும் ஓதுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி ஃபாத்திஹாவின் முதல் வசனம். சத்தமாக ஓதும் தொழுகையில் அதுவும் சத்தமாக வரும், விட்டால் ஃபாத்திஹா குறைபடும். ஹனஃபி மத்ஹபில் மெதுவாக ஓதுவது ஸுன்னத்து. மேலே சொன்ன ஹதீஸ் குத்ஸி 'அல்ஹம்து'விலிருந்து தொடங்குவது அவர்களின் சான்றுகளில் ஒன்று. மண்ணடியில் இரண்டு வழக்கமும் உண்டு. அச்சிலும் இதைப் பார்க்கலாம்: சில முஸ்ஹஃபுகளில் ஃபாத்திஹாவின் பிஸ்மிக்கு 1 என்று எண் இருக்கும். சிலவற்றில் எண் இருக்காது, 'அன்அம்த அலைஹிம்' என்ற இடத்தில் கடைசி வசனம் இரண்டாகப் பிரிந்து 7 நிறையும்.

786 எப்படி வந்தது? அதை எழுதினால் பிஸ்மி எழுதியதாகுமா?

ஆகாது. அது 'அப்ஜத்' என்னும் எழுத்துக் கணக்கு. பிஸ்மியில் எழுதப்படும் எழுத்துகள் 19. பிஸ்மி: 2, 60, 40 சேர்ந்து 102. அல்லாஹ்: 1, 30, 30, 5 சேர்ந்து 66. அர்ரஹ்மான்: 1, 30, 200, 8, 40, 50 சேர்ந்து 329. அர்ரஹீம்: 1, 30, 200, 8, 10, 40 சேர்ந்து 289. எல்லாம் கூட்டினால் 786.

இந்தக் கணக்கு எழுதும் எழுத்தை மட்டும் பார்க்கிறது, ஒலியைப் பார்ப்பதில்லை. முன்பு சொன்ன மறைந்த அலிஃபைச் சேர்த்தால் 787 ஆகிவிடும். ரசீதிலும் ஆட்டோவிலும் பலர் 786 போடுவது, இறைப்பெயர் எழுதிய தாள் காலடியில் விழக் கூடாது என்ற மரியாதையால். அந்த எண்ணம் நல்லது. ஆனால் எண்ணை எழுதிவிட்டு வாயால் பிஸ்மி சொல்லாமல் இருந்தால் பிஸ்மி சொன்னதாகாது.

19 என்ற எண்ணால் குர்ஆனையே சரிபார்க்கலாம் என்று 1970களில் கணினியோடு கிளம்பிய ரஷாத் கலீஃபாவின் கொள்கைக்கும் சூஃபி மரபுக்கும் தொடர்பில்லை. கணக்கு இடிக்கவும், 9ஆம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களையே அவர் மறுத்தார்.

பிஸ்மியை 786 முறை ஓதும் விர்து (வழக்கமாக ஓதும் ஓதல்) பற்றி?

இந்த எண்ணிக்கை ஷைகுமார்களின் (ஞானாசிரியர்களின்) அனுபவ வழக்கு, நபிமொழி இல்லை. அந்தத் தெளிவோடு ஓதலாம். நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு உட்காருங்கள்: ஒரு பிஸ்மிக்கு 4 விநாடி என்றால் 786க்கு ஏறத்தாழ 52 நிமிடம். 100 மணி தஸ்பீஹில் 7 சுற்றும் 86 மணியும், 99 மணியில் 7 சுற்றும் 93 மணியும். 20 நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்பவர் ஒன்றுக்கு ஒன்றரை விநாடிதான் கொடுத்திருக்கிறார். மூன்று ஷத்தும் இரண்டு ஹா-வும் அதற்குள் சரியாக வராது. தினமும் 52 நிமிடம் முடியாதவர் 19 முறை, ஒவ்வொன்றையும் முழு எழுத்தோடு ஓதட்டும். எங்கள் கணிப்பில் அதுவே மேல்.

9ஆம் அத்தியாயமான தவ்பாவில் ஏன் பிஸ்மி இல்லை?

பிஸ்மி பாதுகாப்பின் வாசகம், அந்த அத்தியாயம் உடன்படிக்கை முறிவை அறிவித்துத் தொடங்குகிறது என்ற விளக்கம் அலி (ரலி) அவர்களைத் தொட்டு வருகிறது. 27ஆம் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில், ஸுலைமான் நபி ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதத்தில், பிஸ்மி இன்னொரு முறை வருவதால் மொத்தம் 114 நிறைகிறது. தவ்பாவின் பிஸ்மிதான் அங்கே போயிருக்கிறது என்கிறார் இப்னு அரபி. கோபத்தின் அத்தியாயத்துக்குரிய அருள் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஓதும் முறையில் ஒரு குறிப்பு: ஓர் அத்தியாயத்தை முடித்து அடுத்ததற்குப் போகும்போது முந்தையதன் முடிவு, பிஸ்மி, அடுத்ததன் தொடக்கம் மூன்றையும் தனித்தனியாக நிறுத்தலாம், பிஸ்மியை அடுத்த அத்தியாயத்தோடு சேர்க்கலாம், மூன்றையும் சேர்க்கலாம். முந்தைய அத்தியாயத்தின் முடிவோடு பிஸ்மியைச் சேர்த்து அங்கே நிறுத்துவது மட்டும் கூடாது. பிஸ்மி தொடக்கத்துக்குரியது, முடிவுக்குரியதாகக் கேட்கும்.

இப்படி உட்பொருள் சொல்வது மார்க்கத்தில் ஆகுமா?

ஆலிம்கள் நிபந்தனையோடு ஏற்றிருக்கிறார்கள். வெளிப்பொருளோடு முரண்படக் கூடாது. இது ஒன்றே பொருள் என்று சொல்லக் கூடாது. ஷரீஅத்தில் (மார்க்கச் சட்டத்தில்) அதற்குத் துணைச் சான்று இருக்க வேண்டும். எதிரான சான்று இருக்கக் கூடாது. வெளிப்பொருளைத் தள்ளிவிட்டு 'உள்ளே தெரிந்துகொண்டேன், தொழுகை தேவையில்லை' என்பவர் இந்த மரபைச் சேர்ந்தவர் அல்ல. சூஃபிகளே அவரை முதலில் மறுப்பார்கள். இந்த விளக்கங்களையே ஏற்காத ஆலிம்களும் உண்டு. அவர்களோடு வாதிடாமல், நபிமொழி எது, பெரியார் கூற்று எது என்று பிரித்துச் சொன்னாலே பாதிச் சண்டை வராது.

மண்ணடிப் புத்தகக் கடைகளில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'இப்னு அரபியின் தஃப்ஸீர்' என்ற பெயரில் அரபியில் அச்சாகி வருவது உண்மையில் அப்துர் ரஸ்ஸாக் காஷானி எழுதியது. அதிலிருந்து மேற்கோள் காட்டுபவர் காஷானியின் பெயரைச் சொல்வதே நேர்மை.

தர்காவில் ஃபாத்திஹா ஓதும் ஒழுங்கு?

ஒளூவோடு (தொழுகைக்குரிய தூய்மையோடு) போய், அடங்கியிருப்பவருக்கு ஸலாம் சொல்லி, அஊது, பிஸ்மி, ஃபாத்திஹா 1 முறை, இக்லாஸ் அத்தியாயம் 3 முறை, நபி (ஸல்) மீது ஸலவாத்து, பிறகு இதன் நன்மையை அவர்களுக்குச் சேர்த்துவைக்கும்படி அல்லாஹ்விடம் துஆ. கேட்பது அல்லாஹ்விடம். 'இய்யாக நஸ்தஈன்', உன்னிடமே உதவி தேடுகிறோம் என்று இப்போதுதான் ஓதினீர்கள். கப்ருக்கு ஸுஜூது செய்வது அந்த வரியை அங்கேயே பொய்யாக்கும்.

கூட்டமாக இருக்கும்போது ஹஜ்ரத் "அல்ஃபாத்திஹா" என்றதும் எல்லாரும் கையை உயர்த்தி, மூன்று விநாடியில் முகத்தில் தடவி இறக்கிவிடுகிறார்கள். ஃபாத்திஹாவுக்கு 30 விநாடி வேண்டும். ஓதி முடிக்கும்வரை கையை இறக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் இறக்கிவிட்டாலும்.

காசிமேட்டிலிருந்து படகில் போகும்போது ஓத வேண்டிய பிஸ்மி தனியாக உண்டா?

உண்டு. 11ஆம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில், நூஹ் நபி கப்பலில் ஏறுபவர்களிடம் சொன்னது: 'பிஸ்மில்லாஹி மஜ்ரேஹா வமுர்ஸாஹா, இன்ன ரப்பீ லஃகஃபூருர் ரஹீம்.' அது ஓடுவதும் நங்கூரமிட்டு நிற்பதும் அல்லாஹ்வின் பெயரால் என்பது பொருள். காஷானி இந்தக் கப்பலை ஷரீஅத்து என்று படிக்கிறார். வெள்ளம் வரும்போது நீந்தத் தெரிந்தவனையும் காப்பது பலகையும் ஆணியும்தான் என்பதால் எங்களுக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

படகு கிளம்பும்போது ஓதுங்கள். எழுத்தைப் பார்த்து 'மஜ்ராஹா' என்று ஓதிவிட வேண்டாம். நாம் ஓதும் ஹஃப்ஸ் வழி ஓதலில் குர்ஆன் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் 'ஆ' ஒலி 'ஏ' பக்கம் சாயும். அந்த ரா எழுத்தின் கீழே அதற்கென்று தனிக் குறி போட்டிருப்பார்கள். வாய் 'மஜ்ரேஹா' என்றே திறக்க வேண்டும்.